நாளைப் பறித்தல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, நீங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. பேரனின் சட்டையில் 'கார்ப்பே தியெம்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பொருள் கேட்டிருந்தீர்கள். 'இந்த நாளைக் கைப்பற்று' என்று அவன் சொன்ன விளக்கம் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. லத்தீனில் அந்த வினை அவ்வளவு முரடானதன்று.

'கார்ப்பே' என்ற ஏவலின் மூல வினையான 'கார்ப்பெரே' என்பதற்கு முதற்பொருள் பூவையோ பழத்தையோ பறித்தல். ஆடு புல்லைக் கடித்து மேய்வதற்கும், நூற்கும் பெண்கள் கம்பளியிலிருந்து இழை பிரிப்பதற்கும் அதே சொல்தான்; சிறிது சிறிதாகக் கிள்ளியெடுப்பது என்ற எண்ணம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஒருவரைக் குறைகூறிக் குதறுவதும் அதிலிருந்தே வந்தது. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காப்பியமான ஈனியட்டின் நான்காம் காண்டம், கண்ணுக்குத் தெரியாத காதல் தீ அரசி தீதோவைக் 'கொய்து' தின்பதாகத் தொடங்குகிறது. வழிநடப்பதையும் ரோமானியர் 'வழியைப் பறித்தல்' என்றனர். நம் ஊரில் வழிப்பறி என்றால் காவல் நிலையத்தில்தான் போய் முடியும்!

உங்கள் பேரனின் சட்டைக்கு வந்த தொடர், கி.மு. 23 அளவில் வெளியான, ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் பாடல்களில் முதல் நூலின் 11ஆம் பாடலில் இருக்கிறது. மொத்தமே 8 அடிகள். பாபிலோனியரின் சோதிடக் கணக்குகளைக் கிளறாதே, மதுவை வடிகட்டு, நீண்ட நம்பிக்கையை வெட்டிக் குறை என்று லெயுகோனோயே என்னும் பெண்ணிடம் சொல்லிவிட்டு, நாளைப் பறித்துக்கொள், அடுத்த நாளை இயன்றவரை நம்பாதே என்று முடிக்கிறார். கொடியைக் கவாத்து செய்பவர் பேச்சைப் போலவே இது எனக்குக் கேட்கிறது; போர்வீரர் குரல் இதில் எங்கும் இல்லை.

மாலையில் மாடியில் மல்லிகை மொட்டுப் பறிக்கும்போது அந்த வினை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. காம்பில் நகம் வைத்து மெல்லக் கிள்ள வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கிளைநுனியும் சேர்ந்து வந்துவிடும். இன்று விட்ட மொட்டு இரவிலேயே மலர்ந்து, மறுநாள் வாடிக் கிடக்கும்.

தமிழில் எழுதித் தரச் சொன்னால், 'நாளைப் பறி' என்றே எழுதுவேன். ஆனால், அச்சிடுபவர் அந்தப் 'ப்'பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டால் 'நாளை பறி' என்றாகி, ஹொரேஸ் எதை வேண்டாம் என்றாரோ அதையே பேரன் மார்பில் சுமந்து திரிவான்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்