பருப்புக் கணக்கில் சிக்கிய வக்கீல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணோடு மல்லுக்கு நிற்காதே. அவள் மடக்கச் சொல்கிற அளவுக்குக் காலை மடக்கு. தங்கை என் மனைவியிடம் உன்னைப் பற்றித் தொலைபேசியில் புலம்புவதெல்லாம் என் காதிலும் விழுகிறது.

குற்றாலத்துக்கு நீ வராதது எல்லோருக்கும் குறைதான். ஆனாலும் அங்கே உன் பெயர் பலமாக அடிபட்டது. ஒரு வழக்கு உன் தீர்ப்புக்காக நிலுவையில் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட கடிதம்.

நாங்கள் போன நேரம் சாரல் போய் அடைமழை பிடித்துக்கொண்டது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்ட, போலீசார் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தருவியிலும் அதே கதை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பிய நம் டாக்டர் அப்படியே லாட்ஜுக்குத் திரும்பி வாளித் தண்ணீரில் குளித்தான். செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் பரோட்டா சாப்பிட்டு வந்தோம். அதற்குப் பிறகு பொழுது நகரவில்லை. சீட்டுக் கட்டை எடுத்தால் பெண்கள் முறைக்கிறார்கள். அப்போதுதான் டாக்டரின் மகள், உளவியல் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறாளே அவள்தான், ஓர் ஆட்டம் சொல்லித் தந்தாள். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று புளுகு. மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். பிறகு எது புளுகு என்று கை தூக்க வேண்டும். அவள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே இப்படி ஆட வைப்பார்களாம்.

"ஒரே விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். எங்களுக்குள் தெரியாத சங்கதி என்ன இருக்கிறது?" என்றான் வக்கீல். அவன் எதையும் அப்படித்தானே ஆரம்பிப்பான்.

முதலில் மௌனசாமி. தபால் துறையில் ஓய்வு பெற்றும் இன்னும் தபால்தலை ஒட்டிய வாயோடு இருக்கிறவன். அவன் சொன்ன மூன்று: நாதஸ்வரம் கற்றுக்கொண்டு தங்கை கல்யாணத்தில் வாசித்திருக்கிறான். ரயிலில் தூங்கிப்போய் தன் நிச்சயதார்த்தத்துக்கே தாமதமாகப் போயிருக்கிறான். தினமும் இரவில் மோர்சாதத்துக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வான். யோசிக்கவே இல்லை, எல்லோரும் நாதஸ்வரத்துக்குக் கை தூக்கிவிட்டோம். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன் நாதஸ்வரம் வாசித்தானாம்!

அது நிஜம். கும்பகோணத்தில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்தில் இருக்கும் நரசிங்கப்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த வாத்தியம் ஒன்றை வாங்கி, ஒரு வித்துவானிடம் முறையாகவே பாடம் கேட்டிருக்கிறான். வாயில் வைத்து ஊதும் சீவாளியை எச்சிலில் நனைத்துப் பதமாக்குவது, அதன் வாய் ஒட்டிக்கொண்டால் கூடவே கட்டித் தொங்கவிட்டிருக்கும் குச்சியால் விரித்துச் சரி செய்வது என்று விரல்களால் காற்றில் செய்து காட்டினான். அவன் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. மிளகாய்தான் புளுகு. வயிற்றுப் புண்ணுக்குப் பிறகு அவன் காரத்தையே தொடுவதில்லையாம். மோர்சாதத்தையும் பச்சை மிளகாயையும் யார் சந்தேகிப்பார்கள்?

எனக்கு அங்கேயே ஒன்று பளிச்சென்று பட்டது. நாம் ஆளைப் பார்த்து மதிப்புப் போடவில்லை, செய்தியைப் பார்த்துத்தான் போடுகிறோம். நம்பும்படி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறோம். புளுகுகிறவனுக்கு அது தெரியும், அதனால் அடக்கமாகப் புளுகுகிறான். நடந்த விஷயத்துக்கு அந்தக் கவலை இல்லை, எவ்வளவு கிறுக்குத்தனமாகவும் நடந்துவிடுகிறது. பிபிசியில் 2007 முதல் 'வுட் ஐ லை டு யூ' என்று இதே மாதிரி ஒரு நிகழ்ச்சி வருகிறதாம். அதில் பாப் மார்ட்டிமர் என்ற நகைச்சுவைக் கலைஞர், வெறுங்கையால் ஆப்பிளை இரண்டாகப் பிளப்பேன் என்றார். யார் நம்புவார்கள்? ஆப்பிளைக் கையில் வாங்கி அங்கேயே பிளந்து காட்டிவிட்டார். டாக்டரின் மகள் அந்தக் காட்சியைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். வக்கீல் லாட்ஜில் இருந்த ஆப்பிளை வைத்து முயன்று பார்த்துக் கை வலித்ததுதான் மிச்சம்.

அடுத்தது இன்ஸ்பெக்டரின் சவால். "முப்பது வருடம் திருடன்களோடு குப்பை கொட்டியவன் நான். கண்ணைப் பார்த்தால் போதும், பொய் சொல்கிறவன் பார்வை நிற்காது" என்று நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டான். பேசுகிறவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பான். டாக்டர் வீட்டம்மா பாவம், தான் சொன்ன நிஜத்துக்கே தடுமாறிவிட்டார். வரிசையாக எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னவன் அந்தக் கூட்டத்திலேயே அவன் ஒருவன்தான்.

அவனைத் தேற்றும் சாக்கில் டாக்டரின் மகள் சில ஆராய்ச்சிகளைச் சொன்னாள். பொய்யர்கள் கண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்று நம்புவது நம் ஊர்ப் போலீஸ் மட்டுமல்ல. 75 நாடுகளில் விசாரித்து 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் அதிகம் பேர் சொன்னது அதைத்தானாம். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்தபாடில்லை. அதே ஆண்டில் பாண்ட், டிபாலோ என்ற இருவர் உலகத்தில் அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். இருபத்துநாலாயிரம் பேருக்கு மேல் தீர்ப்புச் சொன்ன சோதனைகள் அவை. சராசரியாக நூற்றுக்கு 54 சரி. காசைச் சுண்டிப் போட்டால் ஐம்பது கிடைக்கும். இத்தனை மூளையை வைத்துக்கொண்டு நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது நான்கே நான்கு!

அதிலும் ஒரு வேடிக்கை. நிஜத்தை நிஜம் என்று கண்டுகொண்டது நூற்றுக்கு 61, பொய்யைப் பொய் என்று பிடித்தது 47. காரணம் எளிது, எதிரே இருப்பவர் சொல்வதை நம்பிவிடுவதுதான் நம் இயல்பு. நாள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் காய்கறி வாங்கிக்கூட வீடு வந்து சேர முடியாது. அதனால்தான் கெட்டிக்காரன் புளுகுக்கே எட்டு நாள் ஆயுள் கிடைக்கிறது.

1991-இல் உளவியலாளர் பால் எக்மன் குழுவினர் அமெரிக்காவில் நீதிபதிகள், மனநல மருத்துவர்கள், புலனாய்வாளர்கள் என்று பலரையும் சோதித்ததில், அதிபருக்குக் காவல் நிற்கும் ரகசியப் பிரிவினர் மட்டும்தான் குருட்டு அதிர்ஷ்டத்தை விட மேலாகச் செய்தார்களாம். "அமெரிக்கப் போலீசுக்கே அந்த நிலை என்றால் நான் எம்மாத்திரம்" என்று இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அவள் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது பிரிட்டனில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் நடத்திய சோதனை. புகழ்பெற்ற அரசியல் பேட்டியாளர் ராபின் டேயைத் தமக்குப் பிடித்த சினிமா எது என்று இரண்டு முறை பேட்டி எடுத்தார்கள். ஒன்றில் நிஜம், மற்றொன்றில் பொய். அதைத் தொலைக்காட்சியில் காட்டி, வானொலியில் ஒலிபரப்பி, பத்திரிகையிலும் அச்சிட்டு மக்களைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தவர்களில் சரியாகச் சொன்னது 52 விழுக்காடு. பத்திரிகையில் வாசித்தவர்களில் 64. குரலை மட்டும் கேட்டவர்களில் 73. உடனே இன்ஸ்பெக்டரின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம். அதன் பிறகு அவன் இரண்டைச் சரியாகச் சொன்னான் என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

என் முறையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஆட்டத்தை ஆடக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். வக்கீல் எழுந்து, நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரியே நின்று மூன்று சொன்னான். ஒன்று, தொழில் ஆரம்பித்த புதிதில் கட்சிக்காரர் ஒருவர் பீஸுக்குப் பதிலாக ஆட்டுக்கிடா ஒன்றைக் கட்டிவிட்டுப் போக, அது அவருடைய கேஸ் கட்டையே தின்றுவிட்டது. இரண்டு, பாம்பன் பாலத்தை ரயிலில் எத்தனை முறை கடந்திருந்தாலும் ஒருமுறைகூடக் கண்ணைத் திறந்ததில்லை. மூன்று, படிப்பு முடித்த கையோடு குமாஸ்தா வேலை நேர்முகத்துக்குப் போனவன் தவறான வரிசையில் நின்று, விடுதிச் சமையல்காரர் வேலைக்குத் தேர்வாகிவிட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நூறு பேர் சாம்பாருக்குப் பருப்புக் கணக்குக் கேட்டாராம். இவன் சொன்ன கணக்கில் மயங்கி உடனே எடுத்துக்கொண்டார்களாம்.

ஏறக்குறைய எல்லோரும் ஆட்டுக்கிடாவுக்குக் கை தூக்கத் தயாராக இருந்தோம். வக்கீல் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரும் குரலில் பிசிறே இல்லை என்றான். அப்போதுதான் என் மனைவி முந்திரியை உடைத்துக்கொண்டே, "எத்தனை கிலோ சொன்னீர்கள் அண்ணா?" என்று கேட்டாள்.

"பத்து."

"நூறு பேருக்குப் பத்து கிலோவா? அதைக் கரண்டியால் ஊற்ற முடியாது அண்ணா, வெட்டித்தான் எடுத்து வைக்க வேண்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு கிலோ, பரிமாறுகிறவன் தாராளமான கைக்காரன் என்றால் ஐந்து" என்று ஒரு குரல் என் காதில் விழுந்தது. அது உன் குரல், விடுதி மொட்டை மாடியில் கேட்டது. கல்யாணச் சமையலுக்குப் போகும் உன் தாய்மாமாவோடு விடுமுறை நாட்களில் அடுப்படியில் நின்றவன் நீ. தவறான வரிசையில் நின்றவன் நீ. நாலு கிலோ என்று வாய் கூசாமல் சொல்லி வேலையை வாங்கிவிட்டு, ஓடி வந்து எங்களிடம் கதையாகச் சொன்னவனும் நீ. அந்தப் பாவி உன் அனுபவத்தை அப்படியே அள்ளித் தன் இலையில் போட்டுக்கொண்டான்! அதனால்தான் அவன் முகம் கலங்கவே இல்லை. கதையில் எல்லாமே நடந்தது, நடந்த ஆள் மட்டும்தான் வேறு. பருப்பின் எடை மட்டும் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை, ஏனென்றால் அவன் எந்நாளும் அடுப்பைப் பற்ற வைத்தவன் இல்லை.

நான் எழுந்து இதைச் சொன்னதும் அவன் அசரவில்லை. "நானும்தான் அந்த வரிசையில் நின்றேன், அவனுக்கு முன்னால். என்னைத்தான் முதலில் கேட்டார்கள். பத்து என்றேன், போகச் சொன்னார்கள். பின்னால் நின்றவன் என் பதிலைக் கேட்டுத்தான் குறைத்துச் சொன்னான். கதையில் பாதி எனக்குச் சொந்தம்" என்கிறான். உனக்கு எப்படி இருக்கிறது? மாமாவிடம் நீ கற்ற கணக்குக்கே பங்கு கேட்கிறான். அவன் வரிசையில் நின்றதாக நீ அன்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. மற்றவர்களோ அதுவும் இருக்கலாமே என்று மழுப்புகிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு அவன் குரலில் இப்போதும் பிசிறு தெரியவில்லையாம்.

இதற்கும் டாக்டரின் மகளே வழி சொன்னாள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். சேர்ந்து ஓட்டலில் சாப்பிட்டோம் என்று சொல்லும் இருவரைத் தனித்தனியாக உட்கார வைத்து, எதிர்பாராத கேள்விகளைக் கேட்பார்கள். உட்கார்ந்திருந்த இடத்தைப் படமாக வரையச் சொல்வார்கள். உண்மையில் சேர்ந்து சாப்பிட்டவர்களின் படங்கள் ஒத்துப்போகும். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் என்ன சாப்பிட்டோம் என்பதைத்தான் ஒத்திகை பார்த்திருப்பார்கள், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதை யோசித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே உனக்கும் அதே பரீட்சை. அந்த அறையின் வாசல் எந்தப் பக்கம், மேசை எங்கே, வரிசை எப்படி வளைந்தது, உனக்கு முன்னால் நின்றது யார் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. கேட்டவர் எப்படி இருந்தார், மேசை மேல் என்ன இருந்தது, வெளியே வந்ததும் எங்கே போய் என்ன சாப்பிட்டாய், யார் காசு கொடுத்தது என்பதையும் எழுது. வக்கீலை அன்று இரவே தனியாக உட்கார வைத்து வரையச் சொல்லிவிட்டோம். அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த உறை ஒட்டப்பட்டு இன்ஸ்பெக்டரின் பெட்டியில் இருக்கிறது.

அதற்குள் அவன் உனக்குப் போன் செய்வான், நிச்சயம் செய்வான். அரசியல் பேசு, உடல்நலம் பேசு, சாம்பாரைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே. தோற்கிறவர் எல்லோர் வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா அனுப்ப வேண்டும் என்று பேச்சு. உன் பங்கையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறோம்.

உன்,
பழைய அறைத்தோழன்