கயேகோஸின் வகுப்பறையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுத்தாளர்கள் ஆட்சிக்கு வந்த கதைகளைச் சொன்ன சென்ற இதழ்க் கட்டுரை, வெனிசுவேலாவின் ரோமுலோ கயேகோஸை ‘ஒன்பது மாதத்தில் கவிழ்ந்த அதிபர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் முதலில் ஒரு பள்ளி ஆசிரியர்; கட்டுரையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1884இல் தலைநகர் கராகஸில் பிறந்தவர், அந்த நகரின் உயர்நிலைப் பள்ளிக்கே தலைமையாசிரியராக இருந்தார். நாடு அப்போது ஹுவான் விசென்டே கோமெஸ் என்ற சர்வாதிகாரியின் பிடியில் கிடந்தது. அங்கே படித்த ரோமுலோ பெத்தான்கூரும் ராவுல் லியோனியும் 1928இல் கோமெஸை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியில் முன்னால் நின்றார்கள். பின்னாளில் இருவருமே அதிபரானார்கள்.

1927இல் கயேகோஸ் வெனிசுவேலாவின் அபூரே மாநிலச் சமவெளிக்குப் போய்ச் சில நாட்களே தங்கினார். அங்கு பார்த்த மாட்டுப் பண்ணைகளும் கேட்ட பேச்சும் 1929இல் ‘டோன்யா பார்பரா’ நாவலாயின. சட்டத்தை மிதித்து நிலங்களை வளைத்துப்போடும் பண்ணைக்காரியின் கதை அது. கோமெஸின் ஆட்சியைத்தான் எழுதியிருக்கிறார் என்று பலர் படித்தார்கள். கோமெஸோ 1931இல் அவருக்கு அபூரேயின் செனட்டர் பதவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கலாம். அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவியை உதறினார். கோமெஸ் இறக்கும்வரை திரும்பவில்லை. இதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பெண்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் முதன்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தது 1947 டிசம்பரில். பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 74 கயேகோஸுக்கு. பெட்ரோலிய எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் சரிபாதி நாட்டுக்கு என்ற சட்டம் 1948 நவம்பரில் வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி ராணுவம் அவரை இறக்கியது. ஆட்சியைப் பிடித்த குழுவுக்குத் தலைவர், அவருடைய பாதுகாப்பு அமைச்சரே.

ஏன் கவிழ்ந்தார் என்பதையாவது கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். ‘உன் கட்சியோடு உறவை அறுத்துக்கொள், பெத்தான்கூரை நாட்டுக்கு வெளியே வை’ என்பது தளபதிகளின் நிபந்தனை. தன்னிடம் படித்த பிள்ளையைக் கைவிட்டுப் பதவியைக் காத்துக்கொள்ள அவர் இசையவில்லை. கியூபா, மெக்சிகோ என்று பத்தாண்டு அகதியாக அலைந்தார். மனைவி தெயோதிஸ்தே மெக்சிகோவிலேயே இறந்தார்.

1958இல் ஊர் திரும்பினார். 1964இல் அவர் பெயரால் நாவல் பரிசை நிறுவிய அதிபர், அதே லியோனி.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தஞ்சாவூர்