அனுப்பிவைத்த பிறகு யார் கேட்பது? மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், மாநகரக் காவல் ஆணையர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நகராட்சி ஆணையர்கள், வட்டார வளர்ச்சி அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

குடும்ப வன்முறை, பாலியல் குற்றம், குழந்தைத் திருமணம், பணியிடத் தொல்லை என்று வரும் பெண்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் களப்பணியாளர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். புதிய திட்டம் எதுவும் கேட்கப்போவதில்லை. இருப்பதே ஏராளம். குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், 181 மகளிர் உதவி எண், சட்டப் பணிகள் ஆணைக்குழு, அரசு மருத்துவமனைகள், மகளிர் திட்டம், அங்கன்வாடி, கிராம சுகாதாரச் செவிலியர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் வந்த பெண்ணை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவள் போய்ச் சேர்ந்தாளா, அங்கே என்ன நடந்தது என்று திரும்பிக் கேட்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. எங்கள் கோரிக்கை பெரும்பாலும் அந்த ஓர் இடத்தைப் பற்றியதுதான்.

எந்த மாவட்டத்திலும் நடக்கிற ஒரு வழக்கமான பாதையைப் பாருங்கள். ராத்திரி அடிபட்ட பெண் காலையில் முதல் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து காவல் நிலையத்தில் மனு கொடுக்கிறாள். மனு ரசீது போட்டுக் கணவனுக்குப் போன் போகிறது. சாயங்காலம் அவன் நாலு பெரிய மனிதர்களோடு வருகிறான். வெள்ளைத் தாளில் ‘இனிமேல் அடிக்க மாட்டேன், நல்லபடியாக வைத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். சாட்சிக் கையெழுத்து அவன் அண்ணனுடையது. தாள் ஸ்டேஷன் கோப்பில் போகிறது, நகல்கூட அவள் கையில் இல்லை. மனு முடிக்கப்பட்டதாகப் பதிவேறுகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி அடிபட்டு வருகிறபோது, அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, காவல் அதிகாரி அவளுக்கு உள்ள உரிமைகளைச் சொல்லியாக வேண்டும்: பாதுகாப்பு ஆணை, குடியிருப்பு ஆணை, பண நிவாரணம், பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவச வழக்கறிஞர். பாதுகாப்பு அலுவலர் படிவம் 1இல் குடும்ப நிகழ்வு அறிக்கையை நிரப்பி நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வசவும் மிரட்டலும், பணத்தைப் பிடுங்குவது ஆகியவற்றைத் தேதி, இடத்தோடு எழுதத் தனித்தனி இடம் இருக்கிறது. நினைவு பச்சையாக இருக்கும்போது நிரப்பினால் அதுவே பலமான ஆவணம். ஆறு மாதம் கழித்து நிரப்பினால் ‘அடிக்கடி அடிப்பார்’ என்ற ஒரே வரிதான் மிஞ்சும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட வசதியான வரி கிடையாது.

நீதிமன்றம் மனுவைப் பெற்ற 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் தீர்வு என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கு மனு நீதிமன்றத்தில் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் ஸ்டேஷனுக்கும் சேவை மையத்துக்கும் சமூக நல அலுவலகத்துக்கும் நடுவில் கரைகிற வாரங்களை யாரும் எண்ணுவதில்லை.

நாங்கள் கேட்பது ஒரு சீட்டு. மூன்று பிரதி. ஒன்று பெண்ணிடம், ஒன்று அனுப்பும் அலுவலகத்தில், ஒன்று பெறும் அலுவலகத்துக்கு. பெறும் அலுவலகம் 7 நாளுக்குள் ‘வந்தார், இன்ன தேதியில் இன்னது செய்யப்பட்டது’ என்றோ ‘வரவில்லை’ என்றோ எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வராத சீட்டுகளை ஒருங்கிணைந்த சேவை மையம் எடுத்துத் தேட வேண்டும். சீட்டில் நடந்த கதையை எழுதவே கூடாது. வழக்கு எண், அனுப்பிய தேதி, எதற்காக அனுப்புகிறோம், அவள் என்ன கேட்கிறாள், இவ்வளவு போதும். ‘அவள் என்ன கேட்கிறாள்’ என்பதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நகையையும் பிள்ளையின் டி.சி.யையும் வாங்கிக் கொடுங்கள் என்று வருகிற பெண்ணுக்கு மூன்று சுற்று கவுன்சலிங் கொடுத்து அனுப்பினால், நம் பதிவேட்டில் அது சேவை. அவளுக்கு மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது இன்னொன்று: எந்த எண்ணில், எந்த நேரத்தில் அவளைக் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது. பல வீடுகளில் போன் கணவன் கையில்தான். ‘உங்கள் புகார் மனு தொடர்பாக’ என்று ஒரு குறுஞ்செய்தி போனால் அன்றைக்கே அடி விழும். ‘குழுக் கடன் விஷயமாகக் கூப்பிட்டோம்’ என்று சொல்லும்படி முன்கூட்டியே அவளிடம் பேசி வைத்துக்கொண்டால் ஆபத்து குறையும். அலுவலக எண்ணிலிருந்து தானாகப் போகும் செய்திகளை இந்த வழக்குகளுக்கு நிறுத்திவைக்க வேண்டும்.

அடுத்து மருத்துவமனை. காவல் நிலையப் படியேறாத பெண்களும் ஏதோ ஒரு நாள் இங்கே வந்துதான் ஆக வேண்டும், ராஜாஜி மருத்துவமனையானாலும் தாலுகா மருத்துவமனையானாலும். கூட வந்தவர் ‘படியில் வழுக்கி விழுந்துட்டா’ என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடுகிறது. கூட வந்தவரே அடித்தவராக இருக்கலாம். காயம் பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு அவரை வெளியே நிறுத்திவிட்டு, செவிலியர் ‘வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். விஷம் குடித்து வருகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். உயிர் பிழைத்ததும் வயிற்று வலியால் குடித்தாள் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால், எந்த வீட்டில் குடித்தாளோ அதே வீட்டுக்குத்தான் போகிறாள். வார்டிலிருந்து வெளியேறும் முன் சேவை மையத்திலிருந்து ஒருவர் வந்து படுக்கையருகே பேச வேண்டும். பாலியல் குற்றத்தில் சிக்கியவர் வந்தால், தனியார் மருத்துவமனை உட்பட யாரானாலும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்து, காவல்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு. ‘முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க’ என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. இதை ஒவ்வொரு கேஷுவாலிட்டி மேசையின் கண்ணாடிக்கடியிலும் வைத்துவிடுங்கள்.

எல்லைப் பிரச்சினைக்கு வருவோம். மாநகருக்கு ஒரு காவல் நிர்வாகம், மற்ற பகுதிக்கு இன்னொன்று. உள்ளாட்சியிலோ மாநகராட்சியின் 100 வார்டுகள், மூன்று நகராட்சிகள், பேரூராட்சிகள், 13 ஒன்றியங்கள், 420 கிராம ஊராட்சிகள். ஒரு பெண் வாழ்க்கைப்பட்டது ஆண்டிபட்டியில், பிறந்த வீடு செல்லம்பட்டியில், அடைக்கலம் புகுந்தது அக்கா வீட்டில், வில்லாபுரத்தில். மூன்று இடத்திலும் ‘இது எங்கள் லிமிட் இல்லை’ என்று சொல்லிவிட முடியும். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமானால் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 173 சொல்கிறது. ஆகவே லிமிட் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆணையரும் கண்காணிப்பாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே சுற்றறிக்கை வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பலன் பாதிதான்.

சேவை மையத்தில் தங்கும் வசதி பொதுவாக 5 நாள்வரை. ஆறாவது நாள் எங்கே என்பதை முதல் நாளிலேயே யோசிக்கத் தொடங்கவில்லை என்றால், ஐந்தாம் நாள் சாயங்காலம் அவசரமாக ‘சமரசம்’ செய்து அனுப்பும் நிலை வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனைப் பெண்கள் விடுதியில் சேர்க்க மாட்டார்கள், அவனை விட்டுவிட்டு அம்மா வர மாட்டாள். பள்ளி விடுதியில் இடம், நடுப்பருவத்தில் பள்ளி மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் பிரிப்பு இவையெல்லாம் சமூக நலத்துறையின் கையில் இல்லை. கல்வி, வருவாய், வழங்கல் துறைகளில் இந்த வழக்குகளுக்கென்று ஒரு பெயரும் ஒரு போன் எண்ணும் இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை.

பணியிடத் தொல்லை பற்றிச் சுருக்கமாக. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் போக வேண்டிய இடம் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழு. ஒவ்வொரு வட்டாரத்திலும் வட்டத்திலும், நகர்ப்புறத்தில் வார்டிலோ நகராட்சியிலோ, ஒரு தொடர்பு அலுவலர் புகாரை வாங்கி 7 நாளுக்குள் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழுவையும் தொடர்பு அலுவலர்களையும் காலக்கெடுவுக்குள் நியமிக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. பெயர்ப் பலகையில் மாறுதலாகிப் போன அதிகாரியின் பெயர் இருந்தால் குழு இல்லாததற்குச் சமம். விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், கப்பலூர் தொழிற்பேட்டை ஆகிய இடங்களில் பெண்கள் கண்ணில் படும்படி, கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் அந்தக் குழுவின் எண்ணை ஒட்டுங்கள். மேனேஜர் மேசைக்குப் பின்னால் ஒட்டினால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும் சட்டப்படி ஊழியர்களே. அவர்கள் புகாரை மாநகராட்சியின் உள் புகார்க் குழு வாங்குமா, ஒப்பந்ததாரர் குழுவா என்ற இழுபறி வரும் முன் ஆணையர் எழுத்தில் தெளிவுபடுத்திவிடலாம்.

ஊராட்சிகளுக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 2016இல் சட்டம் வந்தது. தலைவர் நாற்காலியில் ‘தலைவர் வீட்டுக்காரர்’ உட்கார்வதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். இனி வரும் பெண் தலைவருக்குப் பதிலாக ஆய்வுக் கூட்டத்துக்குக் கணவர் வந்தால் வட்டார வளர்ச்சி அலுவலர் திருப்பி அனுப்பட்டும், இரண்டு கூட்டத்தில் பழக்கம் மாறிவிடும். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, பெண் உறுப்பினர்கள் வழியாக ஓடிய தகவல் வழியும் அறுந்தது. தலைவர் யாராக இருந்தாலும் தொடர்ந்து இருப்பவர்கள் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மகளிரும், அங்கன்வாடிப் பணியாளரும், செவிலியரும்தான். தகவல் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அதே ஊரில் குடியிருப்பவர்களை அடித்தவனுக்கு எதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசச் சொன்னால், அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

குழந்தைத் திருமணத் தகவல் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிதான் வருகிறது. அப்போது மண்டபத்துக்கு ஜீப் போவதைத் தவிர வேறு வழியில்லை. சமுதாயக் கூடங்களும் பல மண்டபங்களும் உள்ளாட்சியின் கையிலோ உரிமத்திலோ இருப்பவை. முன்பதிவு செய்யும்போதே மணமக்கள் இருவரின் வயதுச் சான்றை வாங்குவது ஒரு பைசா செலவில்லாத வேலை. நடுவரிடம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தடை ஆணை வாங்கவும் நேரம் கிடைக்கும். கல்யாணத்தை நிறுத்திய பின் அந்தப் பெண் அடுத்த வாரம் பள்ளிக்கு வருகிறாளா என்று பார்ப்பதற்கும் அதே சீட்டு வேண்டும். வெளியூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாலி கட்டுவது அந்த வாரத்தில்தான் நடக்கும்.

சாதி மாறிக் காதலித்தவர்கள் விஷயத்தில் உசிலம்பட்டி வட்டாரப் பெண் ஒருவரின் மரணத்தையொட்டிய வழக்கில்தான் 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்டு, மிரட்டலுக்கு ஆளாகும் அந்த ஜோடிகளைப் பாதுகாக்கும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. இந்த மண்ணிலிருந்து எழுந்த உத்தரவு இது. அந்தப் பிரிவின் எண் இங்குள்ள கல்லூரிகளின் பலகையில் இருக்க வேண்டும்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு இப்போது வரும் அறிக்கைகளில் நடத்திய விழிப்புணர்வு முகாம்களின் எண்ணிக்கை முதலில் இருக்கும். கோலப் போட்டிப் படமும் இருக்கும். அவற்றை இணைப்பில் தள்ளிவிட்டு ஒரே ஒரு தாளை மேலே வையுங்கள்: வழக்கு எண், முதலில் வந்த தேதி, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக, அவள் கேட்டது கிடைத்ததா. முப்பது நாளுக்கு மேல் ஒரே மேசையில் நிற்கும் வழக்குகளை மட்டும் ஆட்சியர் கேட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பிரதிநிதி கட்டாயம் இருக்க வேண்டும். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்பது பல அலுவலர்களுக்கே தெரிவதில்லை.

அந்தத் தாளில் பெயர் வேண்டாம், எண் மட்டும். துறைகளுக்கு இடையிலான வாட்ஸ்அப் குழுவில் மனுவைப் படம் எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்த வேண்டும். இருபது பேர் குழுவில் ஒருவருக்குக் கணவனின் உறவுக்காரர் தெரிந்திருப்பார். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். எனும் புதிய தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம், அலுவலகக் குழு என்பதால் விலக்கு இல்லை.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு கிராமப்புற ஒன்றியம், மாநகராட்சியின் ஒரு மண்டலம், ஒரு தாலுகா மருத்துவமனை, இவற்றில் மூன்று மாதம் சீட்டை ஓட்டிப் பாருங்கள். திரும்பி வராத சீட்டுகளின் எண்ணிக்கையை, பெயர் இல்லாமல், அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் படியுங்கள். சீட்டின் மாதிரியையும் பயிற்சிக்கான அரை நாள் பாடத்தையும் நாங்கள் தயாரித்துத் தருகிறோம். கூட்டத் தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் மீதான வன்முறை வழக்குகளில் பணிபுரியும் களப்பணியாளர்கள், வழக்கறிஞர்கள்
மதுரை