குரங்கு கொண்டுபோன முதல் தாள்

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உன் கடிதத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

சிரிக்காதே. ஆறு மாதமாகப் பதில் போடாதவனுக்கு வேறு பொய்யா கிடைக்கவில்லை என்று கேட்பாய், தெரியும். பொய் சொல்வதென்றால் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனே! நீ எழுதிய இரண்டு தாளில் முதல் தாள் இப்போது ஒரு காட்டுக்குள் எங்கேயோ கிடக்கிறது. இரண்டாவது தாள் பத்திரம். ஓரத்தில் மட்டும் நாலு பல் தடம். அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நலம் விசாரிப்பை முதலில் முடித்துவிடுவோம். மகள், மருமகன் சுகம். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், இருவருக்கும் நன்றாகவே புரிகிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இடது முழங்கால் பழையபடிதான். உன் காது மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அது அலமாரியில்தான் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கிறதா? நீ போட்டிருந்தால் போனிலேயே பேசித் தொலைத்திருப்பேன்.

சரி, குரங்கு. அதற்கு முன்னால் ஏரியைச் சொல்லியாக வேண்டும்.

மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மெக்ரிட்சி என்று ஒரு நீர்த்தேக்கம். அதை ஒட்டிய இடத்தைப் பார்க் என்கிறார்கள். பார்க் என்றதும் நான் ஒரு சிலை, சிமென்ட் யானை, கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்புப் பயிற்சி செய்கிற பென்ஷன்காரர்கள் என்று நினைத்துத்தான் போனேன். முகப்பில் புல்வெளி, தண்ணீர்மேல் கோணல்மாணலாக ஒரு பாலம், துடுப்புப் படகு விடுகிற பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஓரப்பாதையில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் வெளிச்சமே மாறிப்போகிறது. மரங்கள் தண்ணீர் விளிம்புவரை வந்து நிற்கின்றன. சில்வண்டுச் சத்தம் நம் பழைய ரோடு ரோலரைத் தோற்கடிக்கும். உன் காதுக்கே கேட்கும். முதல் நாளே நான் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு ஓர் உடும்பு, எனக்கு வழிவிடாமல் குறுக்கே போயிற்று. அப்புறம் ஒரு கரிச்சான். நம் ஊர்க் கரிச்சான் இல்லை, வாலிலிருந்து இரண்டு கம்பி நீட்டி, கம்பி நுனியில் கரண்டி மாட்டிய மாதிரி. பறக்கும்போது அந்த இரண்டு கரண்டியும் தனியாகப் பின்னால் துரத்திக்கொண்டு வருவதுபோல இருக்கிறது.

ஆனால் நம் புத்தி எங்கே போகும்? எல்லோரும் பறவையைப் பார்க்க, நான் கரையைப் பார்த்தேன்.

கேள், இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. 1857-ல் டான் கிம் செங் என்று ஒரு சீன வியாபாரி, ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று 13,000 டாலர் கொடுத்திருக்கிறார். கரை முடிந்தது 1868-ல். பணம் கொடுத்த மனிதர் 1864-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கரை முடிந்தும் பம்பு, குழாய் எல்லாம் வந்து ஊருக்குள் தண்ணீர் போக மேலும் பத்து வருஷம்போல ஆகியிருக்கிறது. எம்-புக்கில், நம் அளவுப் புத்தகத்தில், வேலை முடிந்தது, வயலில் தண்ணீர் இல்லை! உனக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்கும் அவர்தான். கடைசியில் 1882-ல் அந்த வியாபாரி பெயரில் ஒரு நீரூற்று வைத்துக் கணக்கைத் தீர்த்தார்கள்.

மெக்ரிட்சி என்பவர் முனிசிபல் என்ஜினீயர். 1891-லிருந்து 1894 வரை ஏரியைப் பெரிதாக்கியவர். இங்கே அவர் அந்த வேலையில் இருந்த அதே வருஷங்களில்தான் அங்கே பென்னிகுவிக் முல்லைப் பெரியாற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நினைத்துப்பார். 1922-ல் ஏரிக்கே மெக்ரிட்சி பெயரை வைத்துவிட்டார்கள். தேனிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்தார்கள். நம் இருவர் பெயரையும் யாராவது ஒரு வரத்துக்காலுக்காவது வைப்பார்களா என்று பார்க்கிறேன். சந்து வாய்க்கால் போதும், எனக்குப் பேராசை இல்லை.

எனக்கு ஆறாமல் இருப்பது வேறு. இந்த மேட்டையெல்லாம் ஒரு காலத்தில் மிளகும் ரப்பரும் போடுகிறேன் என்று வெட்டித் தீர்த்திருக்கிறார்கள். இன்றும் காட்டுக்கு நடுவில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கின்றன, காய் வெடித்துக் கொட்டை காலடியில் கிடக்கிறது. அப்புறம்தான் குடிதண்ணீர் பிடிப்பு, யாரும் கைவைக்கக்கூடாது என்று விட்டிருக்கிறார்கள். விட்டதும் காடு தானாக மேலேறி வந்துவிட்டது. மழை அடித்துக் கொட்டினாலும் இலையும் சருகும் வாங்கிக்கொண்டுதான் கீழே விடுகின்றன. ஓடைத் தண்ணீர் ஏரிக்கு வரும்போது நம் வரத்துக்கால்போலச் செம்மண் குழம்பாக வருவதில்லை. ராஜசிங்கமங்கலம் கண்மாயில் நீயும் நானும் எத்தனை முறை தூர் எடுக்க எஸ்டிமேட் போட்டிருப்போம்? தூர் எங்கிருந்து வருகிறது என்று மேலே போய்ப் பார்க்க நமக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. நமக்கு உள்வாய், கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கிற பரப்பு, என்றால் சீமைக்கருவேலம், அவ்வளவுதான். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று மட்டும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டோம்.

இன்னும் ஒன்று. இந்தக் காட்டுக்கு அடியில் ரயில் விடப்போகிறார்கள். மேலே இருக்கிற மரம் மட்டை அசையக்கூடாது என்று 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கமாம். எழுபது மீட்டர்! உன் வீட்டு போர்வெல்லை நினைத்துக்கொண்டேன்.

காட்டுக்குள் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. 250 மீட்டர் நீளம், அதிக உயரத்தில் நிற்கும்போது தரை 25 மீட்டர் கீழே. அதைப் பார்க்க நாலைந்து கிலோமீட்டர் நடந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை லீவு. சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு தெரியும், பாலத்துக்கு லீவு நான் கேள்விப்பட்டதில்லை. வியாழக்கிழமை மறுபடி போனேன். அது ஒருவழிப் பாலம், ஏறிவிட்டால் திரும்ப முடியாது. நடுவில் அது ஆடத் தொடங்கியதும் எனக்குக் கால் வரவில்லை. பின்னால் ஒரு பொடியன் "அங்கிள், அங்கிள்" என்று அவசரப்படுத்துகிறான். கீழே மர உச்சிகள், தூரத்தில் ஏரி. அதை ரசித்தேன் என்று எழுத ஆசைதான். கம்பியை ரசித்தேன். இரண்டு கையாலும்.

இறங்கி வந்து ஓர் இடத்தில் உட்கார்ந்தேன். மடியில் மஞ்சப்பை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மகள் சொன்னாள், பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குக்குப் பை என்றால் சாப்பாடு என்று. நமக்குத் தெரியாத குரங்கா என்று வந்துவிட்டேன். பையில் இருந்தது மூன்று: சர்க்கரை மாத்திரை, லிட்டில் இந்தியாவில் மகளுக்குத் தெரியாமல் வாங்கிய இரண்டு லட்டு, உன் கடிதம். மாத்திரையும் லட்டும் ஒரே பையில் ஏன் என்று கேட்காதே.

நீளவால் குரங்கு, நம் அழகர்கோவில் ஆட்களைவிடச் சின்னது. முகத்தைப் பார்த்தால் பரம சாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேறு எங்கேயோ பார்த்தது, நம் தாலுகா ஆபீஸ் பியூன் மாதிரி. அவ்வளவுதான், பை மரத்தில். லட்டு இரண்டும் போயிற்று. மாத்திரை அட்டையை மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே எறிந்துவிட்டது. கடிதத்தைத்தான் அதற்கு விட மனசில்லை. ஒரு தாளைக் கடித்துப் பார்த்துத் துப்பியது, மற்றதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. நான் எழுந்து கையை வீசுகிறேன், தமிழில் நமக்குத் தெரிந்த அத்தனையும் சொல்கிறேன், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள நல்லவேளையாக யாரும் இல்லை. இங்கே விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 டாலர் வரைக்கும் அபராதம். நம் காசுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். நான் போடவில்லை, அதுதான் எடுத்தது என்று எந்தப் பாஷையில் சொல்வது என்று அந்த நேரத்திலும் ஒரு பயம் ஓடியது, மாப்பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவர் ஊன்றுகோலால் அந்த இரண்டாவது தாளைத் தள்ளித் தள்ளி என் காலடிக்குக் கொண்டுவந்தார். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. கடிதம் என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

அந்தத் தாளோடு முகப்புப் பக்கம் திரும்பி வந்தேன். அங்கே கரையோரமாக ஒரு கல்லறை. லிம் போ செங் என்று ஒருவர், ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் ரகசியமாக எதிர்த்துப் போராடியவர். பிடிபட்டு 1944-ல் பத்து காஜா சிறையில் செத்துப்போனார். வயது 35. போர் முடிந்து 1946 ஜனவரியில் எடுத்துவந்து இந்தத் தண்ணீரைப் பார்க்க அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் உன் இரண்டாவது தாளை மறுபடி படித்தேன்.

முதல் தாள் போனது பரவாயில்லை. அது எனக்கு மனப்பாடம். சரோஜா கடைசி இரண்டு நாள் முருங்கைக்கீரை கேட்டது, நீ பறித்துவந்து உருவுவதற்குள் தூங்கிப்போனது, அப்புறம் எழுந்திருக்காதது. உருவிய கீரையை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது, சொல். ஆறு மாதமும் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டுதான் திரிந்தேன், இன்றைக்கு எழுதிவிடுவோம், நாளைக்கு எழுதிவிடுவோம் என்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன் இல்லையா, அது பொய். மகள் போட்டுத் தருகிறேன் என்றாள், மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தது. உன்னை அந்தத் திண்ணையில் தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் வீட்டுக்காரி போனபோது மூன்று நாள் என் பக்கத்திலேயே கிடந்தவன் நீ.

இப்போது உன் கேள்வி. வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கே வந்துவிடு என்கிறான் மகன், நீ அங்கே எப்படி இருக்கிறாய், உள்ளதை எழுது என்று கேட்டிருந்தாய். உள்ளதையே எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தனி அறை, மருமகன் என்னைக் கேட்டுத்தான் டிவி சேனல் மாற்றுகிறார். காலை ஏழரைக்கு எல்லோரும் கிளம்பிவிட்டால் மாலை ஆறு வரை நான் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். ஏரி நன்றாக இருக்கிறது. ஆனால் போன வாரம் அடைமழை பெய்து தண்ணீர் மேலேறி நின்றபோது, "எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. நானே கேட்டு நானே ஓர் அளவு சொல்லிக்கொண்டேன்.

நீ போகாதே என்று சொல்லவில்லை. போ. இரண்டு மாதம், மூன்று மாதம் இரு, பேரனோடு சண்டை போடு. வீட்டை மட்டும் இப்போதைக்கு விற்காதே. சாவியை அக்காவிடம் கொடுத்து வாரம் ஒருதடவை வாசல் தெளிக்கச் சொல். முருங்கைக்குத் தண்ணீர் விடச் சொல். மகன் கோபித்துக்கொண்டால் நான் பேசுகிறேன், சின்ன வயதில் அவனைச் சைக்கிளில் வைத்து ஓட்டியவன் நான்தானே.

ஐப்பசி பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, இந்தத் தடவை நிஜமாகவே. நீ பெங்களூர் போவதாக இருந்தால் அதற்குப் பிறகு போ. மழை சரியாக விழுந்தால் கண்மாய்க் கலிங்குவரை நடந்து போய்ப் பார்ப்போம், உன் காது மெஷினும் என் முழங்காலும் ஒத்துழைத்தால். உனக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் உடனே எழுது, ஒரே தாளில் எழுது.

உன்
ராமநாதன்