வெள்ளத்தில் மூழ்கிய காரை ஆர்.சி.யில் குறியுங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அடித்துச் செல்லப்பட்டதை ஊரே பார்த்தது. 2015 டிசம்பரிலும் பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டிகள் பிறகு எங்கே போகின்றன என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடிக்கிறார்கள். வண்டி இருக்கிற நிலையிலேயே ஏலத்துக்கு வருகிறது. ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று செல்லுபடியில் இருந்தால் போதும், ஏலத்தில் எடுத்தவர் உள்ளே கழுவி, சீட் கவர் மாற்றி, பாலிஷ் போட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்து இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம். வாங்குகிறவர் கையிலிருக்கும் ஆர்.சி.யில் வெள்ளம் என்ற சொல்லே இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டோட்டல் லாஸ் ஆன வண்டி என்றால் அதை ஆர்.சி.யிலும், வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் அரசின் 'வாகன்' இணையதளத்திலும் குறியுங்கள்.

பார்த்து வாங்க வேண்டியதுதானே என்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் கிடக்கும், சீட் ரெயிலின் போல்ட் துருப்பிடித்திருக்கும். இதெல்லாம் விற்பவருக்கும் தெரியும். பெல்ட்டை மாற்றிவிடுவார், குழியைக் கழுவிவிடுவார். அவர் தொடாத இடம் கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் கனமான பஞ்சு குடித்த தண்ணீர் லேசில் காயாது. அதன் அடியில், கதவோர வாசற்படியை ஒட்டி ஃப்ளோர் வயரிங் ஓடுகிறது. வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே உலோகப் பின்கள் அரித்துப் பச்சைப் பொடி பூத்திருக்கும். வாங்கிய அன்று எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் பவர் விண்டோ இறங்காது, மறுநாள் இறங்கும். சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டிக்கொள்ளும். ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடும். வந்து வந்து போகிற கோளாறு என்பதால், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது ஸ்கேனரில் ஒன்றும் சிக்காது. முதலில் பேட்டரி மாற்றுவார்கள், பிறகு ஆல்டர்னேட்டர், பிறகு ஒரு எலக்ட்ரானிக் மாட்யூல். மூன்றுக்கும் காசு கட்டிய பிறகுதான் ஹார்னஸையே, அதாவது வயரிங் கட்டு முழுவதையும், மாற்ற வேண்டும் என்பார்கள். அதற்கு சீட், கன்சோல், கார்ப்பெட் எல்லாம் வெளியே வர வேண்டும், பல மாடல்களில் டேஷ்போர்டும் சேர்த்து. பொருளின் விலை ஒரு பக்கம், லேபர் இன்னொரு பக்கம். லோன் போட்டு வாங்கியவருக்கு வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்பதில்லை.

இது பண நஷ்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியர் லீவருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் நடுவே, தரையோடு தரையாக இருக்கிறது. வண்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே அது மூழ்கிவிடும். புதிது போடச் செலவு அதிகம் என்று, எச்சரிக்கை விளக்கின் வயரை வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவி போட்டதும் எரிந்து அணையும், ஏர்பேக் நன்றாக இருப்பது போலவே. விபத்து நடக்கிற நொடியில்தான் அது விரியாதது தெரியும்.

இன்ஜினும் அப்படித்தான். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராடு வளைகிறது. கொஞ்சமாக வளைந்திருந்தால் ஆயில் மாற்றியதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். கம்ப்ரஷன் டெஸ்டில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். அதை யாரும் பார்க்காமல் ஓட்டினால், பிறகு ஹைவேயில் ராடு உடைந்து பிளாக்கையே துளைக்கும்.

சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் வரை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுப் பரிசோதனை கிடையாது. ஆகவே இடையில் அரசு கண் எதுவும் அந்த வண்டி மேல் படுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவு, அழிந்துபோன அல்லது இனி பயன்படவே முடியாத வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் டோட்டல் லாஸ் வண்டி ஓட வைக்கக்கூடியது என்ற பெயரில் அதிலிருந்து நழுவிவிடுகிறது. ஹெல்மெட் இல்லை என்றால் அன்றைக்கே செலான் வீட்டுக்கு வருகிறது. இன்ஷூரன்ஸ் முடிந்ததா, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வண்டி நம்பரைத் தட்டினால் தெரிகிறது. மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்த வண்டி என்பது மட்டும் ஏன் தெரியக்கூடாது? ஏரியில் வீடு கட்ட அனுமதித்ததும், மழைநீர் போக வழி விடாததும் மக்கள் செய்த குற்றமா? அதன் நஷ்டத்தைக் கடைசியில் பழைய கார் வாங்கும் குடும்பம் சுமப்பது எந்த நியாயம்?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தங்களிடம் வந்த வண்டியைப் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தப் பதிவோடு இதையும் சேர்க்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு எழுதுங்கள். டோட்டல் லாஸ் ஆன வண்டிகளின் சேஸிஸ் எண்களை இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணுள்ள வண்டி பெயர் மாற்றத்துக்கு வந்தால், வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே மாற்றிக் கொடுங்கள். தெரிந்தே, விலை குறைத்து வாங்குகிறவர் வாங்கட்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதற்கு ஒரு சுற்றறிக்கை வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் வாங்குவோரும் பழுது பார்ப்போரும்