குளத்தில் இறங்கியவர்களுக்கு முதலில்

அனைவருக்கும் வணக்கம்.

நெட்டி என்பது தண்ணீரில் வளரும் செடி; அதன் வெள்ளைத் தண்டைச் சீவிச் சரமாகக் கோத்து, காவிரியின் கிளை ஆறுகளைச் செய்திருந்தோம். கும்பகோணத்து மண்டபத்தில் ஐந்து நாள் தொங்கிய அந்த நெட்டி ஆற்றை நேற்று இறக்கிச் சுருட்டி வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டோம். வேறு வேலை தொடும் முன் இந்த மடலை எழுதிவிட வேண்டும்.

நரசிங்கன்பேட்டை என்றாலே நாகஸ்வரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆச்சா மரத்தில் கடையும் அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டும் குடும்பம் எங்களுடையது.

முதல் நன்றி நெட்டி அறுத்துக் கொடுத்த சித்தப்பாக்களுக்கும் அக்காக்களுக்கும். ஏரி குளத்தில் தண்ணீர் நின்றால்தான் நெட்டி. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அறுத்து, கட்டுக் கட்டாகக் கரையேற்றி, வெயிலில் காய வைத்த பிறகுதான் எங்கள் கத்திக்கே வேலை வரும். இந்த முறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டேன். எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அட்டை கடித்த காலோடு மறுநாளும் இறங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் என்னைக் கலைஞர் என்றபோது இவர்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவதில் தொடங்கி, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு சரம். எல்லாமே வெள்ளையாக இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாயி ஒப்பவில்லை. "சாயம் நனைக்காம என்ன மாலை? தண்ணி வர்ற எடத்துலயாவது பச்சையப் போடு" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் முழு வேலையும் பிறந்தது. கல்லணைப் பக்கம் அடர்பச்சை; கிழக்கே போகப் போகச் சாயம் வெளுத்து, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் வெறும் நெட்டி. தாழை நாரில் கோத்ததும் அப்பாயியின் கைதான். சரம் ஒன்றுகூட அறவில்லை.

தஞ்சாவூரில் பெரிய கோயிலை நெட்டியில் செதுக்கும் பெரியவருக்கு என் வணக்கம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலைக்குத் துண்டு போடத்தான் எனக்குத் தெரியும். தாள் போல மெல்லிசாகச் சீவ இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கார்த்திகை மழையில் கூரை ஒழுகி, கோத்து வைத்ததில் பாதி நனைந்து போனது. அன்று ராத்திரி நான் அழுதேன். விடிந்ததும் தன் அரிசி ஆலைக் களத்தைத் திறந்துவிட்ட அண்ணனை மறக்க முடியாது. நெல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் நெட்டியைப் பரப்பச் சொன்னார். கவின் கலைக் கல்லூரியில் படித்த தம்பிகள் இருவர் ஏணியிலேயே குடியிருந்து எல்லாவற்றையும் தொங்கவிட்டார்கள். மண்டபம் தந்தவர்களுக்கும், சோறு போட்ட அத்தைக்கும் நன்றி.

கடைசி நாள் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சரத்தைப் பிடித்தபடியே கிழக்கு முனை வரை நடந்து போய் அங்கேயே நின்றார். "எங்க ஊர் வரைக்கும் சாயம் வரலையேம்மா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு இரண்டு மாடு. தைக்குக் கொடுக்க, சாயம் நனைத்த மாலை இரண்டு கட்டி வைத்திருக்கிறோம். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.