சரளைப் பாதையில் முன்னால் போனவர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி முதல் சனிக்கிழமை காலை நம் பள்ளியின் ஏரிக்கரை சைக்கிள் சவாரி நடக்கும் என்று பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். சவாரி முடிந்ததும் நான்கு பேருக்குச் சால்வை போர்த்தப் போகிறோம். அந்த நான்கு பேர் யார் என்று தெரிந்ததும் உங்களில் சிலருக்கு ஏமாற்றம். "தேசிய அளவுல மெடல் வாங்கின ஒருத்தரைக் கூப்பிடலாமே மேடம், சைக்கிள் பந்தயம் ஓட்டுற வெலோட்ரோம் மேலக்கோட்டையூர்லதானே இருக்கு?" என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டத்தில் கட்டடக் கணக்கே நேரத்தை விழுங்கிவிட்டதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாகப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாயில் 'கிராவல் சைக்கிளிங்' என்ற பேச்சு அடிபடுகிறது. தார் ரோட்டை விட்டு இறங்கி, மண் ரோடு, சரளைப் பாதை, ஏரிக்கரை என்று நெடுந்தூரம் ஓட்டுவதுதான் அது. இப்போது அதற்கு உலக சாம்பியன்ஷிப்பே இருக்கிறது. முதல்முறையாக 2022இல் இத்தாலியில் நடத்தினார்கள். ஆனால் அந்த விளையாட்டை ஊன்றியவர்கள் அமெரிக்காவின் நடுவில் உள்ள விவசாய மாநிலங்களைச் சேர்ந்த சாதாரண ஆட்கள். 2005இல் மார்க் ஸ்டீவன்சன், ஜெஃப் கெர்கோவ் என்ற இருவர் அயோவா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் 'டிரான்ஸ் அயோவா' ஓட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. ஒரு போஸ்ட் கார்டு போட்டால் பெயர் பதிவாகிவிடும். காகிதத்தில் அச்சடித்த வழிக்குறிப்பைப் பார்த்து ஓட்ட வேண்டும், வழியில் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள்.

அடுத்த வருஷம் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரில் ஜிம் கம்மின்ஸும் ஜோயல் டைக்கும் 200 மைல் போட்டி ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் தடவை வந்தவர்கள் 34 பேர். அந்த வட்டாரம் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். ஏர் இறங்காத நிலம் என்பதால்தான் அங்கே பழைய புல்வெளி இன்னும் தப்பியிருக்கிறது. ஏரையே இறங்கவிடாத கல் டயரை மட்டும் சும்மா விடுமா? பஞ்சருக்குப் பேர்போன பாதை அது. இன்று அதே போட்டிக்கு 'அன்பவுண்ட் கிராவல்' என்று பெயர், ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மினசோட்டா மாநிலத்தின் கிறிஸ் ஸ்கோகன். 'அல்மான்சோ 100' என்ற 100 மைல் சவாரியை இலவசமாகவே நடத்தினார். முடித்து வருகிற ஒவ்வொருவருக்கும் எல்லைக்கோட்டில் நின்று கை கொடுப்பாராம், கடைசியாக வருகிறவர் உட்பட.

எம்போரியாவில் இந்த விளையாட்டின் முன்னோடிகளைக் கௌரவிக்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். முதல் கௌரவிப்பு 2022இல் நடந்தது. ஜெயித்தவர்களை மட்டும் அவர்கள் தேடவில்லை. வழி கண்டுபிடித்தவர்கள், போட்டி நடத்தியவர்கள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. இதைப் படித்தபோது, நம் பக்கத்து மண் ரோட்டில் முதலில் ஓட்டியது யார் என்று கேட்டுப் பார்த்தோம். சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கமெல்லாம் தார் வருவதற்கு முன்னால் சரளையும் சேறும்தான். அதில் ஓட்டியவர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுக் கிடைத்தவர்கள்தான் இந்த நான்கு பேர்.

முதலில் ஒரு பாட்டி. நம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாவைப் பெற்றவர். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் பாடத்தோடு சேர்த்தார். வகுப்பு எடுக்கிறவர்களும் படிக்கிறவர்களும் ஊர் ஊராகப் போகவேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது. ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டையில் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனது பத்திரிகைகளில் வந்த செய்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நம் பாட்டி அப்படிப்பட்டவர். பாரில் மகன், கேரியரில் தண்ணீர்க் குடம், கீழே செம்மண் ரோடு. "எனக்கு எதுக்கும்மா சால்வை, எல்லாரும்தான் ஓட்டினோம்" என்றார். மகனும் பேத்தியும் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பழைய கடிதங்களில் உங்கள் வீட்டுக்கு வந்தவை பாதி அவர் கையால் வந்தவைதான். எந்த மழைக்கு எந்தத் தெரு மூழ்கும் என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார்.

மூன்றாமவர் பள்ளி முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன். உங்களில் பலர் அவரிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் என்று அவரே சொன்னார் (யார் யார் வாடகை பாக்கி என்பதையும் சொன்னார், அதை நான் எழுதவில்லை). அவர் காட்டிய ஒரு விஷயம் உங்களுக்கு உதவும். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய சைக்கிளின் டயர் 28க்கு ஒன்றரை இஞ்ச். அதாவது அகலம் சுமார் 40 மில்லிமீட்டர். லட்ச ரூபாய்க்கு விற்கிற கிராவல் சைக்கிளின் டயரும் ஏறத்தாழ அதே அகலம்தான். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்தால் சரளையில் குலுங்காமல் பிடித்து ஓடும். டிஸ்க் பிரேக், கியர், டியூப்லெஸ் டயர் எல்லாம் நல்ல வசதிகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சவாரிக்காகப் புது சைக்கிள் கேட்டு உங்கள் பிள்ளை அடம் பிடித்தால் தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளே போதும். பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும்.

நான்காமவர் நம் பழைய மாணவி. கெடு நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரியைப் 'பிரவே' என்பார்கள். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரவே நான்கையும் முடித்தவர். 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம்தான் கெடு என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளில் சுற்றி, நம் சவாரிக்கான வழியைக் காகிதத்தில் வரைந்து தந்தவர் இவர்தான். நம் ஊரில் டயருக்கு எதிரி சீமைக்கருவேல முள். அதனால் பஞ்சர் ஒட்டும் பயிற்சியும் முந்தைய வாரம் இவரே எடுக்கிறார்.

இனி, கறாராகச் சில விஷயங்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரும் ஓட்ட முடியாது, நண்பனிடம் பாதி வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சும் நடக்காது. மதகு, கலங்கல் இருக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், மழைக்காலம் முடிந்த கையோடு ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் நாம் போகவில்லை. சவாரி சூட்டில் பிள்ளைகள் தாங்களாகவே பழைய கல்குவாரிகள் பக்கம் போக ஆசைப்படுவார்கள். அந்தக் குட்டைகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. அங்கே போகக்கூடாது என்று வீட்டிலும் சொல்லுங்கள், நாங்கள் சொல்வது மட்டும் போதாது.

இது போட்டி அல்ல. முதலில் வருகிறவருக்குக் கோப்பை கிடையாது. ஸ்கோகன் செய்தது போல் கடைசிப் பிள்ளை வரும்வரை நானும் அந்த நால்வரும் வாசலில் நிற்போம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வை நினைத்து வராமல் இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டோம். வந்தாலும் எட்டரை மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பதிவுக்கு ஃபோன் வேண்டாம், கூகுள் ஃபார்ம் வேண்டாம். டிரான்ஸ் அயோவாக்காரர்கள் மாதிரி நாமும் போஸ்ட் கார்டுதான். ஐம்பது பைசா அட்டை தபால் நிலையத்தில் கிடைக்கும். பெயர், வகுப்பு, ரத்தப் பிரிவு எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு பள்ளி முகவரிக்குப் போடச் சொல்லுங்கள். பின்கோடு எங்கே எழுதுவது என்று தெரியாத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சொல்லிக் கொடுங்கள். ஜனவரி 25க்குள் அட்டை வந்து சேரவேண்டும். சைக்கிள் இல்லாத பிள்ளைகள் அட்டையின் மூலையில் 'சைக்கிள் வேண்டும்' என்று எழுதினால் போதும், கடைக்கார அண்ணன் பத்து சைக்கிள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாடகை இல்லாமல்.

அன்புடன்,
தலைமையாசிரியர்